என் மகன் கொண்டுவந்த இங்கிலீஷ்

அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் பெண் இன்ஸ்பெக்டர்.

இந்தப் பக்கம் என் மகன். இருபத்திரண்டு வயது. டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவன். உட்காரச் சொல்லியும் நின்றான்.

அவனுக்கு மூத்தவள், என் மகள். இங்கிலீஷில் பட்டம் வாங்கியவள். ஆலங்குடியில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறாள்.

சுவரோரமாக என் மச்சான். ரத்த உறவு கிடையாது. என்னோடு தேங்காய் வெட்டுக்கு வருகிறவர். என்னைவிட மூத்தவர். கால்சட்டை போட்ட காலத்திலிருந்து நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். அவர் வீடு மாதா கோவிலுக்குப் போகிற வீடு. என் வீடு அய்யனாரைக் கும்பிடுகிற வீடு.

கடைசியாக நான். அஞ்சாவது வரை படித்தவன்.

மச்சானின் மனைவி வரவில்லை. அவளைப் பற்றித்தான் பேச்சே.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார்.

“அய்யா, இதுக்குப் பேரு ஹேட் ஸ்பீச். ஒங்க மகன் இருந்த பேஜு எக்ஸ்ட்ரீமிஸ்ட் பேஜு. இவனை நல்லா ராடிக்கலைஸ் பண்ணி வச்சிருக்காங்க. இவன் ஒரு கம்யூனிட்டியவே டார்கெட் பண்ணிட்டான்.”

டார்கெட் என்றால் எனக்குத் தெரியும். தேங்காய் மண்டியில் அந்தப் பேச்சு உண்டு. இன்றைக்கு இத்தனை காய் டார்கெட் என்பார்கள். மற்றதெல்லாம் தெரியவில்லை. மகளைப் பார்த்தேன். அவள் என் காதோரம் குனிந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“ஹேட்டுன்னா வெறுப்புப்பா. வெறுப்பா பேசுறது.”

“ம்.”

“எக்ஸ்ட்ரீமிஸ்ட்டுன்னா எல்லை மீறிப் போனவங்க.”

“ம்.”

“ராடிக்கலைஸ்னா…” அவளுக்குச் சட்டென்று தமிழ் வரவில்லை. தம்பியைப் பார்த்தாள். “ஆளக் கொஞ்சங் கொஞ்சமா மாத்தி, வேற ஆளா ஆக்கிடுறதுப்பா.”

நானும் அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நடந்தது இதுதான்.

எங்கள் ஊர்க் கண்மாயில் வருசா வருசம் வைகாசியில் மீன்பிடி நடக்கும். தண்ணீர் வற்றி முழங்காலுக்கு வந்ததும் ஊர் நாள் குறிக்கும். அய்யனாருக்குப் பொங்கல் வைப்பார்கள். ஊர்த் தலைவர் அம்பலகாரர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசின பிறகுதான் யாரும் காலை நனைக்கலாம். வீசிவிட்டால் எல்லோரும் இறங்கலாம். எந்தத் தெரு, எந்தச் சாமி என்று கேட்பதில்லை. பக்கத்து ஊர்க்காரர்களும் வருவார்கள். ஊத்தா என்று மூங்கிலில் அடியில்லாத கூடை ஒன்று உண்டு. அதைச் சேற்றில் அமுக்கி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனைப் பிடிப்பார்கள். அன்றைக்கு யாரும் மீனை விற்கக் கூடாது. எல்லா வீட்டிலும் குழம்பு கொதிக்கும்.

மச்சானின் மனைவி ஊத்தா போடுவதில் கெட்டிக்காரி. நான் தங்கச்சி என்பேன். போன வருசத்துக்கு முந்தின வருசம் அவள் ஊத்தாவில் ஒரு விரால் விழுந்தது. தொடை தண்டிக்கு இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முகமெல்லாம் சேறாக நின்றாள். என் மகன் போனோடு ஓடினான்.

“அத்தை, தூக்கிக் காட்டு! இங்கிட்டுப் பாரு! சிரி!”

“அடப் போடா, சேறும் சகதியுமா நிக்கிறேன்.”

“அதான் அழகு. தூக்கு.”

அவள் மீனைத் தலைக்கு மேலே தூக்கிச் சிரித்தாள். அதுதான் அந்த வீடியோ. எல்லோரும் பார்த்துச் சிரித்தோம். மச்சான் அதைத் தன் தம்பிக்குத் துபாய்க்கு அனுப்பச் சொன்னார்.

அடுத்த வருசம் மீன்பிடி முடிந்த பிறகு அதே வீடியோவை என் மகன் அந்தப் பேஜில் போட்டான். மேலே எழுத்து வைத்திருந்தான். எங்கள் கண்மாய், எங்கள் சாமி வளர்த்த மீன், வேற்றுச் சாமி கும்பிடுகிறவர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்று. கடைசியில் ஒரு சொல். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன்.

அதன் அடியில் ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதினார்கள். அவள் சேலையை, அவள் காலை, அவள் சிரித்ததை. மகள் அதைப் படிக்க மாட்டேன் என்றுவிட்டாள். இன்ஸ்பெக்டர் அதற்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தார். ட்ரோல்.

புகார் கொடுத்தது டவுனில் யாரோ. மச்சான் கொடுக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் என்று அவரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“நீங்க என்ன சொல்றீங்க அய்யா?” என்று இன்ஸ்பெக்டர் மச்சானைக் கேட்டார். “நடவடிக்கை எடுத்தா பையனுக்கு வேலை வெட்டி எதுவும் கெடைக்காது. பாஸ்போர்ட்டும் செரமம். சமாதானமாப் போறதுன்னா நான் எழுதி வச்சிக்கிட்டு, இவன கவுன்சலிங் அனுப்புறேன்.”

“சமாதானந்தாங்க.”

“மனசு புண்பட்டுச்சா, இல்லையா? அதச் சொல்லுங்க.”

“புண்பட்டது எம் வீட்டுக்காரிக்கு. அவ வல்லயே.”

கையெழுத்துப் போட்டார். என் மகன் அவர் காலில் விழப் போனான். மச்சான் காலை நகர்த்திக்கொண்டார். “எந்திரிடா. இது போலீஸ் ஸ்டேசன்” என்றார்.

திரும்பும்போது ஒரே பஸ். மகன் பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். மகள் லேடீஸ் சீட்டில். மச்சான் முன்னால் போய் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான் நடுவில். கண்டக்டர் எங்களைத் தெரிந்தவர். வாரத்தில் பல நாள் அரிவாளும் வடக்கயிறுமாக ஒரே சீட்டில் போகிறவர்கள் நாங்கள்.

“என்ன, மாமனும் மச்சானும் ஆளுக்கொரு மூலை? சம்பந்தம் முறிஞ்சு போச்சா?”

மச்சான் திரும்பவில்லை. நான் சிரித்து வைத்தேன். திருவரங்குளம் தாண்டி டிக்கெட் எடுக்கப் போனேன். “அவரு ஒங்க நாலு பேருக்கும் எடுத்துட்டாருல்ல” என்றார் கண்டக்டர். பழக்கத்தில் எடுத்துவிட்டார் என்று நினைத்தேன். வேறு மாதிரி நினைக்கவும் முடியவில்லை.

அவரிடம் எதையும் கேட்கிற நிலையில் நான் இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். வரும் வைகாசியில் மச்சானும் தங்கச்சியும் கண்மாயில் இறங்க வேண்டும். அவர்கள் இறங்கிவிட்டால் முடிந்தது. இறங்காவிட்டால் அந்த எழுத்து ஜெயித்தது. இதை என் மனைவியிடம் சொன்னேன். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தேங்காய் வெட்டில் ஒரு முறை இருக்கிறது. நான் மேலே. அவர் கீழே. குலையில் அரிவாள் போடுமுன் நான் குரல் கொடுப்பேன். கீழேயிருந்து பதில் வந்தால்தான் வெட்டுவேன். “போடு மாப்ள” என்பார். சில நாள் “போடு, சாமி மேல பாரத்தப் போட்டுப் போடு” என்பார். “எந்தச் சாமி மேல?” என்பேன். “யாரு சும்மா இருக்காகளோ அவுக மேல” என்பார். புயலுக்குப் பிறகு தோப்பில் பாதி மரம் இல்லை. இருக்கிற மரத்துக்கு இந்தப் பேச்சை மாற்றி மாற்றிப் பேசுவோம்.

ஸ்டேசனுக்குப் போய் வந்த பிறகு நான் குரல் கொடுத்தால் “ம்” என்று மட்டும் வந்தது. அது போதும், வெட்டலாம். வெட்டினேன். கொஞ்ச நாளில் அவர் வேறு ஆட்களோடு போய்விட்டார். அங்கே கூலி அதிகமும் இல்லை. விசாரித்தேன்.

மகனைக் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி வாசலில் வந்து நின்றாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், அவனுக்கும் கொடுத்தாள்.

“அத்தை, தப்புப் பண்ணிட்டேன்” என்றான்.

அவள் அவனைக் கேட்டாள்.

“தூக்கிக் காட்டுன்னு நீதானடா சொன்ன?”

அவன் கையிலிருந்த செம்பைப் பார்த்தான்.

“நீ சொன்னேன்னுதானே தூக்குனேன்.”

அவ்வளவுதான். செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும்போது அவன் தெரு முக்கில் உட்கார்ந்து அழுதான். நான் பக்கத்தில் நின்றேன். தட்டிக்கொடுக்கவில்லை. திட்டவும் இல்லை.

சனிக்கிழமைகளில் புதுக்கோட்டைக்குக் கவுன்சலிங் போனான். ஒழுங்காகப் போனான். அங்கே இந்த மாதிரி விசயங்களுக்கெல்லாம் இங்கிலீஷில் என்ன பெயர் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சாப்பிடும்போது எங்களிடம் சொல்லுவான். அவனாகப் பேசினது அதுதான், அதனால் கேட்டுக்கொண்டோம்.

“இன்னைக்கு எக்கோ சேம்பர்னு சொன்னாங்க.”

“சேம்பரா? செங்கச் சூளைக்குல்லடா சேம்பர்னு சொல்லுவாக” என்றாள் என் மனைவி.

“அது இல்லம்மா. ஒரே மாதிரி ஆளுக மட்டும் கூடி, சொன்னதையே சொல்லிக்கிட்டு இருக்கிறது. வேற சத்தமே உள்ள வராது.”

“அதுக்கு டீக்கடைன்னு பேரு.”

அவன் சிரித்தான். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு அவள் சொன்னாள்: “டீக்கடையில ஒருத்தனாச்சும் நீ சொல்றது தப்புன்னு எந்திரிச்சுக் கத்துவான்டா.”

இன்னொரு வாரம் டீஹியூமனைஸ் என்றான். அது என்ன என்றேன்.

“மனுசன மனுசனாப் பாக்காம ஆக்குறதுப்பா. பூச்சி, புழு, அப்புடி ஏதாவது பேரு வச்சுட்டா அப்புறம் என்ன வேணும்னாலும் செய்யலாம்னு தோணிருமாம்.”

“நீ வச்ச பேரு மாதிரி.”

“ஆமா.”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சாப்பிடவில்லை.

எப்படிப் போனாய் அங்கே என்று ஒரு நாள் கேட்டேன். மோட்டார் கொட்டகையில் இருந்தோம். வேலை இல்லாமல் இருந்தபோது ஒரு பாட்டு வீடியோ வந்ததாம். அது நன்றாக இருந்ததாம். பிறகு ஒரு பேச்சு. பிறகு இன்னொரு பேச்சு. இவன் ஏதோ எழுதினால் நூறு பேர் சிங்கம் என்றார்களாம்.

“நம்ம ஊருல என்னைய யாருப்பா அப்புடிச் சொன்னா? வேலை கெடைச்சிருச்சாடான்னுதான் கேட்டாங்க.”

“அத்தை கேட்டுச்சா?”

“இல்ல. அத்தை சாப்ட்டியான்னு கேக்கும்.”

அவன் மாறியதில் என் கண்ணில் பட்டது ஒன்றுதான். வீடியோ எடுத்த வருசம் கிறிஸ்துமஸுக்கு மச்சான் வீட்டுப் பிரியாணிக்கு வரவில்லை. வயிறு சரியில்லை என்றான். தங்கச்சி தூக்குவாளியில் கொடுத்துவிட்டாள். அதையும் தொடவில்லை. வயிறு என்றே நினைத்தோம்.

அந்த வீடியோவை டெலீட் பண்ணிவிட்டதாகச் சொன்னான். நல்லது என்றேன். ஆனால் பார்த்தவர்கள் அதைப் படமெடுத்து வைத்திருப்பார்களாம். அதற்கும் ஒரு வார்த்தை இருக்கிறது, ஸ்க்ரீன்ஷாட். மதுரையில் ஒருவன், கோயம்புத்தூரில் ஒருவன் என்று திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அவர்களுக்கு என் தங்கச்சியைத் தெரியாது. எங்கள் கண்மாயையும் தெரியாது.

ஏசுவது எங்களுக்குப் புதிதில்லை. தண்ணீர் பாய்ச்சுவதில், வரப்பில், ஆட்டுக்குட்டி தோட்டத்தில் வாய் வைத்ததில் காது கூசுகிற மாதிரி ஏசிக்கொள்வோம். ஏசினவன் முன்னால் நிற்பான். ஏச்சு வாங்கினவன் முகம் அவனுக்குத் தெரியும். சாயங்காலம் அதே முகத்தோடு கடையில் நிற்க வேண்டும். போனில் அது இல்லை.

வைகாசி வந்தது. கண்மாய் வற்றியது. மீன் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது. என் மனைவி புளியை எடுத்து வைத்தாள். ஊத்தாவைப் பிரித்துப் புதுக் கயிறு போட்டுக் கட்டினேன். மச்சான் வீட்டிலும் அவர்கள் ஊத்தா வெளியே வெயிலில் கிடந்ததை, சைக்கிளில் போகும்போது பார்த்தேன். மனசு கொஞ்சம் லேசானது. வருவார்கள் என்றே வீட்டில் வந்து சொன்னேன்.

குறித்த நாளில் விடியும்போதே கரை நிறைந்துவிட்டது. பொங்கல் வைத்தாயிற்று. நான் அவர்கள் இருக்கிற மாதா கோவில் தெருப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன். அங்கிருந்து யாரும் வரவில்லை. மச்சான் வீடு மட்டும் இல்லை. அந்தத் தெருவிலிருந்தே ஒரு தலையும் வரவில்லை.

அம்பலகாரரிடம் போனேன்.

“அந்தத் தெருவுக்குச் சொல்லியாச்சுங்களா?”

“எல்லாருக்குந்தான் சொல்லியாச்சு. குரூப்புல போட்டு ரெண்டு நாளாச்சே.”

முன்பு தமுக்கு அடித்துத் தெருத் தெருவாகச் சொல்லுவார்கள். வாட்ஸ்அப்பில் ஊருக்கு ஒரு குரூப் வந்த பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். என்னிடம் இருப்பது பட்டன் போன். குரூப்பில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற ஒரு பையன் சொன்னான்.

“அவங்கதான் குரூப்புலயே இல்லையே. போன வருசம் அந்த வீடியோ வந்தப்பவே வெளியேறிட்டாங்க.”

அம்பலகாரர் திகைத்துப் போனார். “யாருடா எடுத்துவிட்டது?”

“யாரும் எடுக்கல. அவங்களாப் போயிட்டாங்க.”

“அப்ப யாரு போய்ச் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. ஊர் வழக்கத்தில் அழைப்பு இல்லாமல் யாரும் கண்மாய்க்கு வர மாட்டார்கள். வீட்டுக்கு முன்னாலேயே மீன் துள்ளினாலும் வர மாட்டார்கள்.

“போய்க் கூட்டியாப்பா. நான் துண்டு வீச மாட்டேன்” என்றார் அம்பலகாரர்.

போனேன். மச்சான் வாசலில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். ஊத்தா சுவரில் சாய்ந்திருந்தது. தங்கச்சி உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை.

“மச்சான், வாங்க. எல்லாரும் நிக்கிறாக.”

“அழைப்பு வல்லயே மாப்ள.”

“மறந்துட்டாக. குரூப்புல போட்டுட்டு, சொல்லியாச்சுன்னு இருந்துட்டாக. நான் கூப்புடுறேன், வாங்க.”

“நீ கூப்புடுறது வேற. ஊரு கூப்புடுறது வேற.”

“ஊருதான் அனுப்புச்சு.”

“கரைக்குப் போனப்புறம்தானே எங்க ஞாபகம் வந்துச்சு?”

நான் சுவரோரம் இருந்த ஊத்தாவைப் பார்த்தேன்.

“எத்தனை போன் இருக்கும் இன்னைக்குக் கரையில?” என்று கேட்டார்.

“எல்லார்கிட்டயும் இருக்கும்.”

“அதான். அவ எறங்க மாட்டா. அவ எறங்காம நான் எறங்க மாட்டேன். நாங்க எறங்காம தெரு எறங்காது. நீ போ மாப்ள. வெயில் ஏறுனா மீனு அடிச் சேத்துக்குப் போயிரும்.”

நின்றேன். அவர் அரிவாளைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

“அந்த ஆளுககூட வேலை எப்புடி இருக்கு மச்சான்?”

“இருக்கு. மேல ஏறுறவன் சத்தம் குடுக்க மாட்டேங்கிறான். நானாப் பாத்து விலகிக்கிறேன்.”

திரும்பி நடந்தேன். பாதி வழியில் கண்மாய்ப் பக்கம் கூச்சல் கேட்டது. துண்டை வீசிவிட்டார்கள். ஜனம் பொறுக்கவில்லை என்று பிறகு அம்பலகாரர் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கண்மாய் முழுக்க ஆட்கள். சேறு, சத்தம், சிரிப்பு. என் மகன் மட்டும் கரையில் உட்கார்ந்திருந்தான். ஊத்தா பக்கத்தில் காய்ந்து கிடந்தது. நான் தனியாக வருவதைப் பார்த்தான்.

“அவுக குரூப்புல இல்லேன்னு ஒனக்குத் தெரியுமாடா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“எப்புடிப்பா சொல்லுவேன்.”

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அதத் தொறந்து பாரு. எத்தனை பேரு போயிருக்காக?”

அவன் போனை எடுத்தான். விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டு போனான். ஆளுக்கு ஒரு வரி இருக்கிறதாம், பெயரும் வெளியேறினார் என்றும். முதலில் அத்தை. பிறகு மாமா. பிறகு ஒவ்வொருவராக அந்தத் தெரு முழுக்க. உதடு அசைய எண்ணினான். ஒரு தடவை விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணினான். நான் காத்திருந்தேன்.

நாற்பத்தொன்று.